வெளுக்காத நீல டவுசர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "வீட்டு நீச்சல் குளத்துக்கு எந்தக் குளோரின்ணே நல்லது? லிக்விடா, தூளா, மாத்திரையா?" நீங்களும் இன்று காலை அதைத்தான் கேட்டீர்கள். ஒரு காலத்தில் கேள்வி முடிவதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். இப்போது, வேலையை விட்டு ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில், "யார் வீடு? யார் தண்ணியில எறங்கறாங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். பெரிசுக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். மறக்கவில்லை. ஒன்று மறக்கமாட்டேன் என்கிறது, அதனால்தான் பதில் வரத் தாமதமாகிறது.

அளவு, கணக்கு, பம்பை எப்போது ஓட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருக்கிறது. அதை நான் சொல்லி நீங்கள் கொட்டாவி விட வேண்டாம். கதை புரிய வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்கிறேன். கேனில் வரும் லிக்விட் சுறுசுறுப்பானது. ஆனால் நம் ஊர் வெயில் அதைச் சாயங்காலத்துக்குள் தின்று தீர்த்துவிடும். தினமும் ஊற்ற வீட்டில் ஒரு ஆள் வேண்டும். தூள் போட்டால் சுண்ணாம்புச் சத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீருக்கு அதுவே ஏற்கெனவே போதும் போதும் என்றிருக்கிறது. மாத்திரை சொகுசு. மிதவையில் போட்டுவிட்டு வந்தால் ஒரு வாரத்துக்குத் தானே கரைந்துகொண்டிருக்கும். வெயில் குளோரினைத் தின்னாமலிருக்க அதற்குள்ளேயே ஒரு காப்புப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டெபிலைசர் என்போம். குளோரின் வேலை செய்து தீர்ந்துவிடும். காப்புப் பொருள் மட்டும் தீராமல் தண்ணீரிலேயே தங்கும். அடுத்த மாத்திரை போட்டால் இன்னும் கொஞ்சம் தங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

லாஸ்பேட்டையில் ஒரு வீடு. அங்கே முனுசாமி ஐயா என்று ஒருவர், எழுபதைத் தாண்டியவர். மகள் கலாவதி ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தார். பேத்தி யாழினிக்கு ஒன்பது வயது. மருமகன் பிரான்சில். அவர் குடும்பம் பல தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அதனால் பேத்தி தாத்தாவைத் தன் அப்பா வீட்டு வழக்கப்படி 'பெப்பே' என்றுதான் கூப்பிடுவாள். முனுசாமி ஐயா பஞ்சாலைத் தொழிலாளி. மில் மூடுகிற வரைக்கும் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தவர். நமக்கு டப்பாவில் வருகிற குளோரினைத் தொட்டி தொட்டியாகப் பார்த்தவர்.

ஐயா ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து தரையில் கால் ஊன்றினால் உயிர் போகிறது. தண்ணீருக்குள் நடந்து பழகச் சொல்லுங்கள், உடம்புக் கனம் தெரியாது என்று டாக்டர் சொன்னார். மருமகன் நல்ல மனிதர். வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னக் குளம் கட்டி, சுற்றிலும் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி போட்டுக் கொடுத்தார். தண்ணீரைக் கவனிக்கிற வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்து, என் தலையில் விழுந்தது.

முதல் நாள் அவர் இறங்குவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மாமனார் வீட்டுக்குத் தலைதீபாவளிக்குப் போன மாப்பிள்ளை போல உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா ஐயா இது, எண்ணெ?"

"குளோரின்ல எறங்கறோம் இல்ல தம்பி. வெறும் ஒடம்போட எறங்கலாமா? மில்லுல எண்ணெ பூசாம எவனும் தொட்டிகிட்டயே வரமாட்டான். தோலு உரிஞ்சி வந்துடும்."

மில் தொட்டியிலிருந்த மருந்து எங்கே, நம் குளத்திலிருக்கிற மருந்து எங்கே! சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளும் எண்ணெயோடுதான் இறங்கினார். நாற்பது வருஷப் பழக்கம், நான் பேசியா மாறப்போகிறது? ஆனால் ஒன்று, குளத்திலிருந்து ஏறியதும் ஒரு பழந்துணியை எடுத்து, தண்ணீர் மட்டத்தில் ஓடுகளில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தானே துடைத்துவிடுவார். யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த முதல் வருஷம் லிக்விட்தான். வாரத்துக்கு ஒரு கேன் நான் கொண்டுபோய் நிழலில் வைப்பேன். தினமும் வெயில் இறங்கியதும் அவரே அளந்து ஊற்றுவார். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டுதான் மூடியத் தொறப்பேன் தம்பி" என்று என்னிடம் சொல்லிக் காட்டுவார், நான் புதுசு போலவும் அவர் மேஸ்திரி போலவும். எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, குறை சொல்ல வழியில்லை. நடையும் தேறி வந்தது. முதலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வார். அப்புறம் ஒரு கை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது குளத்தின் நட்டநடுவில் இரண்டு கையையும் தூக்கிக்காட்டிக்கொண்டு நின்றார். "கம்பிய வுட்டுட்டேன் தம்பி!" யாழினி கரையில் குதித்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் நான் மாத்திரைக்கு மாற்றினேன்.

ஏன் மாற்றினேன் என்று கலாவதியிடம் சொன்ன காரணம் இது: "வயசானவரு கையில கேனைக் குடுக்கறது நல்லதில்லம்மா. கண்ணுல கிண்ணுல தெறிச்சிடுச்சுன்னா? மாத்திரை போட்டுட்டா யாரும் தொட வேணாம்." பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. என் கையில் அப்போது வீடுகள் கூடிவிட்டன. கேன் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் அலைவது சலித்துவிட்டது. எனக்குச் சுலபமானதை அவருக்கு நல்லது என்று விற்றேன். முனுசாமி ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப எனக்கு வேல இல்லயா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு மிதவையைத் தண்ணீரில் விட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் பிரச்சினை இல்லை. அப்புறம் தண்ணீரின் பளபளப்பு குறைந்தது. மங்கல் தட்டியது. ஓடுகளில் விரல் வைத்தால் வழுக்கியது. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் குளோரின் நிறையவே காட்டியது, மஞ்சள் நன்றாக அடர்ந்து வந்தது. நிறைய இருக்கிறதே, பிறகென்ன என்று யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு மாத்திரை கூடப் போட்டேன். கொஞ்ச நாளில் யாழினிக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர், குளத்துத் தண்ணீரில் இறங்குகிற பிள்ளையா என்று கேட்டாராம். கலாவதி எனக்குப் போன் செய்தார். நான் போனபோது முனுசாமி ஐயா எண்ணெய் மினுங்கும் உடம்போடு படியில் உட்கார்ந்திருந்தார்.

கோபத்தில் பேசுகிறவனை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும். அன்றைக்கு என் அளவு சரி, என் மருந்து சரி, என் கிட் சரி. தப்பு வேறு எங்கோ இருந்தாக வேண்டும். கண் முன்னால் எண்ணெயோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எத்தன வாட்டி சொல்லிட்டேன் ஐயா? எண்ணெயோட எறங்கி எறங்கி தண்ணியையே கெடுத்துட்டீங்க. போடற மருந்தெல்லாம் அதுக்கே போவுது. கொழந்தைக்குக் காது கேக்காமப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பேத்தி அங்கேதான் நின்றாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"நான் இனிமே எறங்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு உறைக்கவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆறு வாரம் அவர் இறங்கவில்லை. அந்த ஆறு வாரமும் தண்ணீர் தேறவில்லை. இங்கேதான் ஒரு சாதாரண ஆளுக்குக்கூடப் பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்கோ அனுபவம் அதிகம், அதனால் தட்டவில்லை. பழைய எண்ணெய் ஃபில்டரில் தங்கியிருக்கிறது என்று கலாவதியிடம் விளக்கம் சொன்னேன், ஃபில்டரைக் கழுவினேன், மாத்திரையைக் கூட்டினேன். யாழினிக்கு இரண்டாவது தடவையும் காதில் சீழ் வைத்தது. இந்த முறை காய்ச்சலோடு.

மருமகன் பிரான்சிலிருந்து போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். குளம் வேண்டாம், மண் கொட்டி மூடிவிடு. ஞாயிற்றுக்கிழமை மண் லாரி வருவதாக ஏற்பாடு. கலாவதி அதை என்னிடம் சொன்னது புதன்கிழமை. "நீங்க வந்து மோட்டாரை மட்டும் கழட்டிட்டுப் போயிடுங்கண்ணே" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

மோட்டாரைக் கழற்றப் போனேன். பின்பக்கம் முனுசாமி ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். தண்ணீரில் கம்பியை விட்டு நின்றவர், தரையில் மறுபடியும் வாக்கருக்கு வந்திருந்தார். ஆறே வாரத்தில் தொடை இரண்டும் வற்றிப்போயிருந்தன. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை.

"தம்பி, அந்தக் கொடியில ரெண்டு டவுசர் தொங்குது. எடுத்தா."

இரண்டும் ஒரே கடையில், ஒரே நீலத்தில், மருமகன் வாங்கி அனுப்பியவை. ஒன்று வெளுத்துப் பால் நிறமாகியிருந்தது. மற்றொன்று நேற்று கடையிலிருந்து வந்தது போல நீலம் மாறாமல் இருந்தது.

"வெளுத்தது இருக்குதே, அது நான் லிக்விட் ஊத்தறப்ப போட்டது. மூணு மாசத்துல வெளுத்துடுச்சு. இது நீ மாத்திரை போட்டப்பறம் போட்டது. நீ வேணாம்னு சொன்ன நாள் வரைக்கும் தெனம் இதோடதான் எறங்கினேன். ஏழு மாசம். பாரு, சாயம் அப்பிடியே நிக்குது."

"சரி ஐயா, அதுக்கு?"

"ஒன் கிட்டுல இப்பதான் குளோரின் சாஸ்தி காட்டுதுன்ற. சாஸ்தி இருந்தா துணி வெளுக்கணும் இல்ல? வெளுக்கலன்னா, இருக்குது, ஆனா வேல செய்யல. மில்லுல இப்பிடி ஆனா மேஸ்திரி எங்கள இல்ல, மருந்தத்தான் மொதல்ல பாப்பாரு."

ஒரு டவுசரை ஒரு கையிலும் இன்னொன்றை மறுகையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை மாதமாக அந்தக் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து போய்வந்திருக்கிறேன்!

மோட்டாரைக் கழற்றவில்லை. ஸ்கூட்டரில் இருந்த வேறு வீட்டு லிக்விட் கேனை எடுத்துவந்தேன். ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் லிக்விடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கிட்டில் இரண்டும் ஒரே மஞ்சள் காட்டும்படி செய்தேன். முனுசாமி ஐயா தன் பழைய நீல லுங்கி ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவினார். ஆளுக்கு ஒன்று போட்டு, வராந்தா நிழலில் வைத்து மூடினோம். அவர் முகத்தில் லிக்விட் ஊற்றிய காலத்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது லிக்விட் பக்கெட்டிலிருந்த நூல் வெளிறிக் கிடந்தது. குளத்துத் தண்ணீரில் கிடந்த நூல் நீலமாகவே இருந்தது.

என் பெட்டியில் ஸ்டெபிலைசர் பார்க்கிற குப்பி ஒன்று இருந்தது. மூடியே திறக்காமல் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. அடியில் ஒரு கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் தண்ணீரையும் அந்த மருந்தையும் கலந்து ஊற்ற வேண்டும். காப்புப் பொருள் அதிகமாக இருந்தால் கலங்கி, கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி மறைந்துவிடும். நான் ஊற்ற ஆரம்பித்ததுமே மறைந்தது. வாரா வாரம் நான் போட்ட மாத்திரைகளின் மிச்சம் எல்லாம் அங்கே சேர்ந்து, குளோரினைக் கட்டிப்போட்டிருந்தது. கிட் அதை எண்ணிக் காட்டியது. ஆனால் கிருமி வந்தால் எழுந்து ஓட அதற்கு முடியவில்லை. நான் கூட்டிய ஒவ்வொரு மாத்திரையும் கட்டை இறுக்கியது. எண்ணெய்க்கும் இதில் சின்னப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தையின் காதுக்குக் காரணம் என் சொகுசு.

அந்த நேரம் பார்த்துக் கலாவதி அலுவலகம் கிளம்பி வெளியே வந்தார். கையில் ஸ்கூட்டர் சாவி.

"என்னண்ணே, மோட்டாரை இன்னும் கழட்டலயா? கடைசியில எண்ணெதானே காரணம்?"

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் ஒருநாள் இங்கே வந்து நிற்பீர்கள். என் முன்னால் இரண்டு பக்கெட் இருந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீரை மாற்றினால் போதும். குளம் தெளிந்துவிடும், வேலை நிற்கும், முப்பது வருஷமாகச் சேர்த்த பேரும் நிற்கும். கிழவருக்கும் குளம் கிடைத்துவிடுமே, எப்படிக் கிடைத்தால் என்ன என்று மனம் வக்கீல் மாதிரி வாதாடியது.

"ஆமாம்மா" என்றேன். "தண்ணியில எண்ணெ எறங்கிடுச்சு. தண்ணிய மாத்திட்டா சரியாயிடும். மூட வேணாம்னு சாருகிட்டச் சொல்லிப் பாருங்க."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கலாவதி போய்விட்டார்.

முனுசாமி ஐயா பக்கெட்டிலிருந்து நீல நூலை எடுத்து, பிழிந்து, நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குப் போனேன். மனைவி சோறு போட்டார். பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். "வாய்க்குப் போற வழி மறந்துபோச்சா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அவரு காட்டிக்குடுத்துடுவாருன்னு பயமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்பதுதான் பயம். நான் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த வீட்டில், பெப்பேயின் எண்ணெயால்தான் பேத்திக்குக் காது போகப் பார்த்தது என்றே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லும். அவரும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

கலாவதி வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். பக்கெட்டுகளுக்கு அருகில் கூட்டிப்போய், இரண்டு நூலையும் இரண்டு டவுசரையும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாத்திரைக்கு ஏன் மாற்றினேன் என்பதையும் சொன்னேன். காலையில் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவர் நீல நூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஆறு வாரமா எங்கப்பா எங்களோட உக்காந்து சாப்பிடறதில்ல, தெரியுமா உங்களுக்கு? கொழந்த பக்கத்துல வந்தாகூட தள்ளிப் போன்றாரு. நானும் அவரத் திட்டிட்டேன். உங்க பேச்சக் கேட்டு" என்றார். பேசும்போதே அழுதுவிட்டார். அழுதுகொண்டே புருஷனுக்குப் போன் போட்டு, என் கையில் கொடுத்தார். "எங்கிட்டச் சொன்னத அப்பிடியே அவருகிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டு முடித்ததும் அவர் "தக்கோர்" என்றார். சரி என்பதற்கு அவர்கள் வீட்டுப் பிரெஞ்சு. "லாரிய நிறுத்தச் சொல்றேன். ஒரு மாசம் பாப்போம். ஆனா மாமாகிட்ட நீங்க பேசணும்."

முனுசாமி ஐயா அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் காதில் விழுந்திருக்கும். நான் எதிரில் நின்றேன்.

"ஐயா, தப்பு எம்மேலதான். மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"தண்ணி மாத்திட்டு இன்னா போடப் போற?"

"லிக்விட். நீங்க ஊத்தறீங்கன்னா."

தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்காதபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரைக் கேட்பது போல என்னிடம் கேட்டார்.

"எண்ணெ தேச்சுக்கலாமா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. நாற்பது வருஷம் மருந்துத் தொட்டியோடு மல்லுக்கட்டிய மனிதர், தன் வீட்டுக் குளத்தில் இறங்க, தன் உடம்பில் எண்ணெய் தேய்க்க, என்னிடம் அனுமதி கேட்கிறார். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது நான். "தேச்சுக்கங்க ஐயா" என்றேன். உடனே வெளியே வந்துவிட்டேன்.

தண்ணீரில் பெரும்பகுதியை இறக்கிப் புதுத் தண்ணீர் விட்டோம். ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கச் சொன்னேன். அன்று நான் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து அவர் உள்ளங்கையில் ஊற்றினேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் போலவே பக்கவாட்டில் நகர்ந்தார். யாழினி கரையில் உட்கார்ந்து, "பெப்பே, கைய வுடுங்க, கைய வுடுங்க" என்றாள். அவளுக்குக் காது முழுசாகத் தேறிவிட்டது. அவர் சிரித்தார், ஆனால் கையை விடவில்லை.

அதன் பிறகும் மாத்திரை வாங்கினேன், போட்டேன். சொந்தக்காரர்கள் வருஷத்தில் பாதி நாள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு வேறு என்ன செய்வது? ஆனால் புள்ளி வைத்த குழாயை மாதம் ஒரு முறை கையில் எடுக்காமல் இருந்ததில்லை. வீட்டில் அக்கறையாக ஊற்ற ஒரு ஆள் இருந்தால் லிக்விட் கொடுத்தேன். ஆகவே எது நல்லது என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்: யார் வீடு, யார் இறங்குகிறார்கள், யார் ஊற்றப்போகிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர் கெட்டால் இறங்கினவரைப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று பாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போகிறேன். வேலைக்காக இல்லை. அவர் நடப்பதைப் பார்க்க. நீல டவுசர் இப்போது நன்றாக வெளுத்துவிட்டது. போன மாதம் அதைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா தம்பி, வேல செய்யுது" என்றார். ஒரு வருஷ முயற்சியில் ஒரு கையை விட்டுவிட்டார். முன்பு அவர் தண்ணீரின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கை இன்னும் கம்பியில்தான் இருக்கிறது. அடுத்த செவ்வாயும் போவேன்.